பம்பை இறக்குவதற்கு முன்: பழைய டீசல் கெப்பில் கோளாறு தேடும் முறை

களுவாஞ்சிகுடியில் உள்ள என் கராஜுக்கு இழுத்து வரப்படும் பழைய டீசல் கெப்கள் (பிக்அப் வண்டிகள்) பெரும்பாலும் தீர்ப்போடுதான் வருகின்றன. “அண்ணன், பம்ப் போயித்தாம். இறக்கிச் செய்யோணுமாம்.” வழியில் யாரோ பொனட்டைத் திறந்து பார்த்துச் சொல்லியிருப்பார். டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் அந்தப் பம்பை இறக்கி, பம்ப் ரூமில் (பம்ப் திருத்தும் பட்டறையில்) கொடுத்து, தேய்ந்ததை மாற்றி மறுபடி ஏற்றுவதென்றால் ஒரு போகத்து நெல் விற்ற காசில் நல்ல பங்கு போய்விடும். அவ்வளவு செலவழித்தும் அதே கோளாறோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் வண்டியில் இருந்த குறை வெடித்த ரப்பர் குழாய், தளர்ந்த கிளிப், அல்லது பில்டர் தலையில் காய்ந்துபோன ஓ-ரிங். சில நூறு ரூபாய் வேலை.

அதனால் நான் தாங்கியில் தொடங்கி, டீசல் போகிற வழியே போய்ப் பார்ப்பேன். பம்ப் கடைசி. வீட்டு முற்றத்தில் வைத்து நீங்களே பார்க்கக்கூடியதை இங்கே எழுதுகிறேன். 10, 12, 14, 17 நட்டுச் சாவிகள் (ஸ்பனர்), ஒரு டெஸ்ட் லாம்பு, ஒரு கண்ணாடிப் போத்தல், மேசன்மார் மட்டம் பார்க்கும் உள்ளே தெரியும் குழாயில் ஒரு முழம், சுத்தமான துணி இருந்தால் போதும்.

முதலில் உங்கள் வண்டி எது என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே சொல்வதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய எஞ்சின்களுக்கு: ஹைலக்ஸின் 2எல், 3எல், 5எல், நிசானின் டிடி27, மிட்சுபிசியின் 4டி56, இசுசுவின் 4ஜேஏ1, 4ஜேபி1 போன்றவை. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வயலுக்கும் மீனுக்கும் ஓடுகிற பழைய கெப்களில் அநேகமானவை இந்த இனம். ஹைலக்ஸின் பிந்திய இனமான விகோவிலும் அதற்குப் பின் வந்த வண்டிகளிலும் இருப்பது காமன் ரெயில் என்ற புதிய முறை. அதில் டீசல் ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஓடுகிறது. எஞ்சின் ஓடும்போது நொசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) குழாயின் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், கையையே எடுக்க வேண்டி வரலாம். அந்த வண்டிகளில் கீழே உள்ள நட்டுச் சோதனையைச் செய்யவே கூடாது.

பழைய வண்டியில் டீசலை யார் இழுக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றில் பெரும்பாலும் இருப்பது பொஷ் வடிவமைத்த விஇ இனப் பம்ப். டொயோட்டாவுக்கு அதே வடிவத்தை டென்சோ செய்தது. தாங்கியிலிருந்து டீசலை உறிஞ்சும் சின்ன இறக்கைப் பம்ப் (வேன் பம்ப்) இதற்குள்ளேயே இருக்கிறது. ஹைலக்ஸில் தாங்கிக்குள் கரண்ட் பம்ப் எதுவும் இல்லை. எஞ்சின் ஓடும்போது தாங்கியிலிருந்து பம்ப் வரை உள்ள முழு வழியும் உறிஞ்சலில்தான் இருக்கிறது. இளநீருக்குள் போட்ட ஸ்ட்ரோவில் கீறல் விழுந்தால் தண்ணீர் வெளியே ஒழுகாது, காற்றுத்தான் உள்ளே வரும். இங்கேயும் அதேதான். குழாயில் ஓட்டை இருந்தும் கீழே ஒரு சொட்டு டீசல் இருக்காது. “லீக் ஒண்டும் இல்லையே” என்று சொல்லிவிட்டுப் பம்பைக் குற்றம் சாட்டுவது இந்த இடத்தில்தான்.

நட்டுச் சாவியை எடுப்பதற்கு முன் கேள்வி

நான் முதலில் சாரதியிடம் பேசுவேன். காலையில் மட்டும் ஸ்டார்ட் கஷ்டமா, சூடான பிறகா? மட்டத்தில் ஓடி ஏற்றத்தில் இழுக்காமல் நிற்கிறதா? கடைசியாக எங்கே டீசல் அடித்தீர்கள், பெற்றோல் செட்டிலா, வீட்டுப் பீப்பாயிலா? அதற்கு முன் யாராவது பில்டர் மாற்றினார்களா? பில்டர் மாற்றிய மறுநாள் தொடங்கிய கோளாறு என்றால் பில்டரின் வாஷரையே முதலில் பார்ப்பேன்.

அப்புறம் புகை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது சைலன்சரில் புகையே வரவில்லையென்றால் நொசிலுக்கு டீசல் போகவில்லை. வெள்ளைப் புகை நிறைய வந்தும் எஞ்சின் பிடிக்கவில்லையென்றால் டீசல் போகிறது, எரியவில்லை. அங்கே ஹீட்டர் பிளக் (ஸ்டார்ட்டுக்கு முன் சிலிண்டரைச் சூடாக்குவது), கொம்பிரஷன் (சிலிண்டருக்குள் காற்றின் அழுத்தம்), டைமிங் (டீசல் தூவும் நேரம்) பக்கம் பார்க்க வேண்டும். கறுப்புப் புகை என்றால் டீசல் கூட, காற்றுக் குறைவு. முதலில் எயார் பில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். சூடடிப்புக் காலத்தில் வயலுக்குள் நின்ற கெப்பின் எயார் பில்டருக்குள் உமித் தூசி கட்டியாக இருக்கும். நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவது, அது இந்தக் கதையில் வராது.

ஹீட்டர் பிளக்கைப் பார்ப்பது சுலபம். நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிவிட்டு, டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பெற்றரியின் பிளஸிலும் மறு முனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் வையுங்கள். லாம்பு எரிந்தால் அந்தப் பிளக்கின் கம்பி அறவில்லை. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் தேவையில்லை என்று சொல்பவர்கள் உண்டு. மார்கழி மழை விடியலில் ஹீட்டர் இல்லாமல் 2எல் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பார்த்தால் தெரியும்.

சாவியைத் திருப்பினால் வரும் ‘டிக்’

புகையே இல்லாமல் சுற்றும் வண்டியில் நான் கை வைக்கும் முதல் இடம் பம்பின் பின்பக்கத்தில் இருக்கும் ஸ்டொப் சொலனாய்ட். கரண்ட் வந்தால் டீசலை விடும், நின்றால் மறிக்கும். சாவியை ஓனில் வைக்கும்போது அதில் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வர வேண்டும். வராவிட்டால் அதன் வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று லாம்பை வைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லையென்றால் பியூஸ், வயர், சாவிக் கூடு. கரண்ட் வந்தும் சத்தம் இல்லையென்றால் சொலனாய்ட். உப்புக் காற்றில் அந்த வயரின் முனை பச்சை பிடித்து அறுந்துபோவது கரையோர வண்டிகளில் சாதாரணம்.

வழியில் நின்றுவிட்டால் பெற்றரி பிளஸிலிருந்து ஒரு வயரை நேராக அதற்குக் கொடுத்து வீடு வந்து சேரலாம். ஆனால் சாவியை ஓஃப் செய்தாலும் எஞ்சின் நிற்காது, அந்த வயரைக் கழற்ற வேண்டும். வண்டியை வேறு யாரும் எடுப்பதாக இருந்தால் இதைச் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

தாங்கி

மூடியைத் திறப்பதுதான் மிக மலிவான சோதனை. கொஞ்சத் தூரம் ஓடி எஞ்சின் மூச்சடைத்ததும் நிறுத்தி, மூடியைத் திறங்கள். ‘ஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டு, அதன் பிறகு வண்டி நன்றாக ஓடினால் தாங்கி மூச்சு விடும் வழி அடைபட்டிருக்கிறது. மூடியிலோ பிரீதர் குழாயிலோ குளவி கட்டிய மண் இருக்கும்.

அடுத்தது தண்ணீர். பில்டரின் அடியில் உள்ள வடிகுழாயைத் தளர்த்தி, மேலே உள்ள கைப்பம்பை அமுக்கி, முதலில் வருவதைக் கண்ணாடிப் போத்தலில் பிடியுங்கள். கால் மணி நேரம் அசையாமல் வைத்துவிட்டுப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். சிவந்த தூள் இருந்தால் தாங்கி துருப்பிடித்திருக்கிறது. கறுத்த வழுவழுப்பான சளி இருந்தால் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்திருக்கிறது. தாங்கியைக் கழற்றிக் கழுவாமல் பில்டர் மட்டும் மாற்றினால் புதியதும் சீக்கிரமே அடைபடும். டாஷ்போர்டில் பில்டர் லாம்பு எரிந்தாலும் இதே வேலைதான். அந்த லாம்பு பில்டர் அடியில் தண்ணீர் சேர்ந்துவிட்டது என்று சொல்கிறது. எரிச்சலுக்கு அதன் வயரைக் கழற்றிப்போட்ட வண்டிகள் பல வருகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் உள்ளே போனால் பம்பின் பிளஞ்சர்தான் (டீசலை அழுத்தும் தண்டு) துருவேறும், அந்தச் செலவோடு பார்த்தால் லாம்பு வயர் ஒன்றுமே இல்லை.

நம் பக்கம் தண்ணீர் தாங்கிக்குள் போக வழிகள் அதிகம். 2024 நவம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை, ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே தாங்கியை வடித்துப் பார்க்கச் சொன்னேன், பிரீதர் வழியாகவே தண்ணீர் ஏறிவிடும். வெள்ளம் வராவிட்டாலும், பாதித் தாங்கியோடு மாரி முழுவதும் நிற்கும் கெப்பில் உட்சுவர் வியர்த்துத் தண்ணீர் சேரும். வேலை முடிந்ததும் மாலையில் தாங்கியை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்திலிருந்து சிலர் பீப்பாயில் சேர்த்து வைக்கப் பழகிவிட்டார்கள். பீப்பாயிலிருந்து எடுப்பதானால் அடி மட்டத்தை விட்டுவிட்டு, துணியில் வடித்து ஊற்றுங்கள். மண்ணெண்ணெய் கலக்க வேண்டாம். இந்தப் பம்புக்குள் மசகு எண்ணெய் என்று தனியாக ஒன்று இல்லை, டீசல்தான் மசகு. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது.

தாங்கிக்குள் இருக்கும் உறிஞ்சு குழாயின் வலையும் அடைபடும். இதன் அடையாளம் தனியானது. சம்மாந்துறையிலிருந்து கண்டிக்கு அரிசி ஏற்றும் காக்கா (முஸ்லிம் அண்ணன்) ஒருவர், “தம்பி, மட்டத்துல பறக்குது, பதினெட்டு வளைவுல ஏறுதில்ல. நிப்பாட்டி ஒரு பிளேன்டி குடிச்சிட்டு எடுத்தா திரும்ப ஓடுது” என்றார். மகியங்கனை ஏற்றத்தில் டீசல் தேவை கூடும்போது தாங்கிக்குள் மிதந்த கந்தைத் துணி இழுபட்டு வலையில் ஒட்டிக்கொள்ளும், எஞ்சினை நிறுத்தினால் விழுந்துவிடும். மூடி தொலைந்து, துணி அடைத்து ஓடிய காலத்தில் உள்ளே விழுந்த துணி அது. அதற்குள் அவருக்குப் பம்ப் மாற்ற விலையும் பேசப்பட்டிருந்தது.

பில்டர் தலையில் உள்ள கைப்பம்பும் இதைச் சொல்லும். அமுக்கியதும் மேலே எழும்பாமல் உள்ளேயே கிடந்தால் தாங்கிப் பக்கத்தில் அடைப்பு. எடுத்த எடுப்பிலேயே கல்லாக இருந்து அமுக்கவே முடியாவிட்டால் அடைப்பு முன்னால், அநேகமாகப் பில்டரில்.

காற்று எங்கே நுழைகிறது

பழைய கெப்களில் நான் காணும் டீசல் கோளாறுகளில் பெரும் பங்கு காற்றுத்தான். அடையாளங்கள்: இரவு முழுவதும் நின்ற வண்டி காலையில் நெடுநேரம் சுற்றிய பிறகே பிடிக்கும், பிடித்து இரண்டு நொடியில் நின்று, மறுபடி சுற்ற வேண்டிவரும், ஐட்லிங்கில் ஏறி இறங்கும், கைப்பம்பை அமுக்கிவிட்டு எடுத்தால் ஒரே சுற்றில் பிடிக்கும். கடைசி அடையாளம் இருந்தால் எனக்கு வேறு சாட்சி வேண்டாம். நம் தரை மட்டமானதால் பலருக்கு இன்னொரு அடையாளம் தெரிவதில்லை. உன்னிச்சைக் குளக்கட்டில் ஏறும் சரிவு போன்ற இடத்தில் மூக்கு மேலே பார்க்க ஓர் இரவு நிறுத்திப் பாருங்கள். டீசல் தாங்கிக்கு இறங்கிவிடும், காலையில் கோளாறு இன்னும் மோசமாக இருக்கும்.

இப்போது அந்த உள்ளே தெரியும் குழாய். பில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் இதைப் போட்டு, இரண்டு முனையிலும் கிளிப் இறுக்குங்கள். கைப்பம்பால் டீசல் ஏற்றி எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள். தொடக்கத்தில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றால் பரவாயில்லை. விடாமல் குமிழி ஓடினால் காற்று பில்டரிலோ அதற்குப் பின்னாலோ நுழைகிறது. அடுத்து அதே குழாயைப் பில்டருக்குள் வரும் பக்கத்தில் மாற்றுங்கள். அங்கே குமிழி இல்லையென்றால் குற்றம் பில்டர் தலையில்: கைப்பம்பின் டயப்ரம் (ரப்பர்ச் சவ்வு), பில்டர் வாஷர், அடியில் உள்ள சென்சரின் ஓ-ரிங். ஹைலக்ஸில் கைப்பம்பின் டயப்ரம் நான் அடிக்கடி மாற்றும் சாமான். அங்கேயும் குமிழி வந்தால் இன்னும் பின்னால் போங்கள். செஸியோடு ஓடும் இரும்புக் குழாயைக் கிளாம்பு பிடித்திருக்கும் இடங்களை விரலால் தடவிப் பாருங்கள். உப்புக் காற்றும் சேறும் அந்த கிளாம்புக்குள்தான் தங்கும், துரு ஊசிமுனை அளவு துளை போட்டிருக்கும்.

எந்த மூட்டு என்று தெரியாவிட்டால் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு மூட்டிலும் கிரீஸை அப்பிப் பாருங்கள். எங்கே அப்பியதும் குமிழி நிற்கிறதோ அதுதான் இடம். கிரீஸ் நிரந்தர மருந்தல்ல, குழாயை மாற்றிவிடுங்கள். மாற்றும்போது டீசலுக்கென்று விற்கும் குழாயையே கேட்டு வாங்குங்கள். சோதனைக்குப் போட்ட மேசன் குழாயையும் வண்டியில் விட்டு வைக்க வேண்டாம், டீசலில் அது கட்டையாகி வெடிக்கும்.

இதற்குப் பிறகும் சந்தேகமென்றால் கேன் சோதனை. சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனைப் பம்பைவிட உயரமாக, சைலன்சர் குழாயிலிருந்து தள்ளி, விழாதபடி கட்டுங்கள். அதிலிருந்து ஒரு குழாயை நேராகப் பம்பின் உள்வாய்க்குக் கொடுங்கள், மிஞ்சிய டீசல் திரும்பும் ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குள் விடுங்கள். தாங்கி, இரும்புக் குழாய், பில்டர் எல்லாம் இப்போது வழியில் இல்லை. வண்டி சரியாக ஓடினால் பம்ப் நல்லது, யார் என்ன சொன்னாலும் அதை இறக்காதீர்கள். அதே கோளாறு இருந்தால்தான் பம்புக்கும் நொசிலுக்கும் போக வேண்டும்.

குழாய் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. பம்பின் ரிட்டர்ன் பக்கத்து பாஞ்சோ போல்ட்டின் (குழாயைப் பிடிக்கும் துளையுள்ள போல்ட்) தலையில் ‘அவுட்’ என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். அதற்குள் ஒரு மிகச் சிறிய துவாரம் இருக்கிறது, பம்பின் உள் அழுத்தத்தைப் பிடித்து வைப்பது அதுதான். உள்வாய் போல்ட்டும் பார்க்க அதே போல இருக்கும். இரண்டையும் மாற்றிப் பூட்டினால் நல்ல பம்பும் ஓடாது.

நொசில்

ஒரு சிலிண்டர் மட்டும் அடித்துக்கொண்டு, வெள்ளையாகவோ கறுப்பாகவோ புகைத்தால் நொசிலைப் பாருங்கள். ஐட்லிங்கில் ஓடவிட்டு, நொசில் தலையில் உள்ள குழாய் நட்டை (அநேகமாக 17) ஒவ்வொன்றாகக் கால் சுற்றுத் தளர்த்தி இறுக்குங்கள். எஞ்சின் சத்தம் மாறித் தடுமாறினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த நட்டைத் தளர்த்தும்போது மாற்றமே இல்லையோ அங்கே குறை. நட்டைத் துணியால் சுற்றிக்கொள்ளுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள், பீறும் டீசலுக்கு விரலைக் காட்டாதீர்கள். அந்த நொசிலை இன்னொரு சிலிண்டருக்கு மாற்றிப் போட்டுக் குறையும் கூடவே போகிறதா என்று பாருங்கள். போனால் நொசில். போகாவிட்டால் வால்வு, கொம்பிரஷன். கழற்றிய ஒவ்வொரு முறையும் அடி வாஷர் புதிது.

நொசில் எத்தனை பாரில் திறக்கிறது, எப்படித் தூவுகிறது என்பதைப் பம்ப் ரூமின் டெஸ்டரில்தான் பார்க்க முடியும். நான்கையும் ஒன்றாகக் கொடுத்து ஒரே அளவுக்கு வைக்கச் சொல்லுங்கள். சொட்டு விழாமல் புகை போலத் தூவ வேண்டும். நீங்களே நின்று பார்க்கக் கேளுங்கள், நல்ல பம்ப் ரூம்காரர் மறுக்கமாட்டார்.

கடைசியில் பம்ப்

காலையில் உடனே பிடித்து, சந்தையில் நிறுத்திவிட்டு வந்தால் சூட்டில் பிடிக்காத வண்டிக்குத்தான் நான் பம்பைச் சந்தேகிப்பேன். டீசல் சூடாகி மெலிந்ததும் தேய்ந்த பிளஞ்சரின் இடுக்கால் நழுவிவிடும், ஸ்டார்ட்டரின் மெதுவான சுற்றுக்கு அழுத்தம் ஏறாது. நனைத்த துணியைப் பம்பின் தலையில் போட்டுக் கொஞ்ச நேரம் ஆறவிடுங்கள். பிடித்தால் உள்ளே தேய்மானம். வாளியால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், சூடான பம்ப் சட்டென்று சுருங்கி உள்ளே இறுகிப்போகும்.

பம்பின் மேல்மூடி, எக்ஸிலேட்டர் தண்டு, பின் தலை, முன் தண்டின் சீல் ஆகிய இடங்களில் ஈரம் இருந்தால் ரப்பர் காய்ந்திருக்கிறது. நின்ற நேரத்தில் அவ்வழியாலும் காற்று ஏறும். இதற்கு சீல் கிட் போதும், முழு ஓவரோல் தேவையில்லை.

இழுவை குறைந்தது என்று பின்பக்கத்து புல்லோட் ஸ்குரூவை (டீசல் அளவைக் கூட்டுவது) திருகிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அன்றைக்கு வண்டி பறக்கும். கறுப்புப் புகையோடு சிலிண்டர் ஹெட்டும் சூடேறும். டர்போ உள்ள 2எல்-டி எஞ்சின் ஹெட் வெடிப்பதற்குப் பேர்போனது. அதில் இந்த ஸ்குரூவைத் தொடவே வேண்டாம்.

இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால், கழற்றும் முன் பம்பின் விளிம்புக்கும் (பிளான்ஜ்) எஞ்சின் உடலுக்கும் குறுக்கே உளியால் மெல்லிய கோடு போடுங்கள், டைமிங் மார்க்கைப் படம் எடுத்து வையுங்கள். குழாய் வாய்களைச் சுத்தமான துணியால் மூடிக் கட்டுங்கள். பூட்டிய பிறகு புதிய பில்டரில் டீசல் நிரப்பி, வாஷரில் டீசல் தடவி, கையால் மட்டும் இறுக்கி, கைப்பம்பு கல்லாகும் வரை அமுக்குங்கள். நொசில் நட்டுகளைத் தளர்த்தி, டீசல் துள்ளும் வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஆறவிடாவிட்டால் ஸ்டார்ட்டர் எரியும். பிடித்ததும் நட்டுகளை இறுக்கி, கல்முனை வரை ஓடிவிட்டு வந்து, டோர்ச் அடித்து ஒவ்வொரு மூட்டையும் பாருங்கள். ஈரம் இருந்தால் அதே இரவில் இறுக்குங்கள்.